எம்.எம்.ஏ. பள்ளிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் ஆடும் சண்டை விளையாட்டு) வீரராக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தால், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கை மகனை ஒரு பள்ளி எப்படி நடத்தியது என்று எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. மானநஷ்ட வழக்கு என்று கிளம்பினால் வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. அடையாளங்களைச் சொல்கிறேன். இதே அடையாளங்களோடு வேறு பள்ளிகளும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன்.

அந்த இடம் பல வருடங்களாகக் கராத்தே பள்ளி. கராத்தேயோடு எனக்குச் சண்டை இல்லை. 2024 ஜனவரியில் நம் நாட்டு டிரிகஸ் டு பிளெஸ்ஸி டொரான்டோவில் ஷான் ஸ்டிரிக்லண்டை வென்று, எம்.எம்.ஏ.வின் பெரிய போட்டி அமைப்பான யு.எஃப்.சி.யின் மிடில்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்தை எடுத்தார். தென்னாப்பிரிக்காவின் முதல் யு.எஃப்.சி. சாம்பியன் அவர்தான். பிறகு பார்த்தால் பள்ளி வாசலில் புதிய போர்டு: கூண்டுப் படம், டு பிளெஸ்ஸியின் படம், பெரிய எழுத்தில் எம்.எம்.ஏ. உள்ளே அதே மாஸ்டர், அதே மெல்லிய ரப்பர் பாய், அதே பாடம். அடுத்த தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் காவடி பார்க்க வந்த கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள்: "நம் பிள்ளைகளுக்குச் சிறப்புச் சலுகை." நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கை அங்கே போய்ச் சேர்த்தாள். நம்மவர் என்பது தெரிந்தேதான் அவர்களும் கோயில் வாசலில் நின்றார்கள். என் கோபத்தில் பாதி அதற்குத்தான்.

வகுப்பு எப்படி நடந்தது என்று மருமகன் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இளவயதில் ஜூடோ ஆடியவன் நான், பெரிய வீரன் ஒன்றுமில்லை, ஆனாலும் எது பயிற்சி எது நடனம் என்று தெரியும். வரிசையாக நின்று காற்றில் குத்து, காற்றில் உதை. பிறகு இரண்டிரண்டு பேராக: ஒருவன் கையைப் பிடிப்பான், மற்றவன் முறுக்குவான், பிடித்தவன் சமர்த்தாக விழுவான். எதிர்த்துத் திமிறுகிறவன் ஒருவனும் இல்லை. ஸ்பாரிங், அதாவது எதிர்க்கிற ஆளோடு மோதிப் பழகுவது, எப்போது என்று கேட்டேன். மாஸ்டர் சிரித்தார். "எங்கள் அடிகள் உயிருக்கு ஆபத்தானவை சார், அதையெல்லாம் பையன்கள் மேல் போட முடியாது."

இந்த வாக்கியத்தை எந்தப் பள்ளியில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். 1882-இல் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியபோது செய்தது இதற்கு நேர் எதிரானது. ஆபத்தான அடிகளையும் முறுக்குகளையும் பயிற்சி ஆட்டத்திலிருந்து ஒதுக்கினார். மிஞ்சியதை மாணவர்கள் முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளின் மேல், தினமும் போட்டுப் பார்க்க முடிந்தது. அந்தப் பயிற்சிக்கு ரந்தோரி என்று பெயர். 1993-இல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹாய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களை மடக்கியதற்கும் இதே வகைப் பயிற்சிதான் அடிப்படை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கூண்டுக்குள் சில விநாடிகளில் தெரிந்துபோகும்.

போர்டில் இருந்த டு பிளெஸ்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் ஜூடோ, பிறகு மல்யுத்தம், பதின்ம வயதில் கிக்பாக்ஸிங் என்று வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் பெர்த்தில் முன்னாள் சாம்பியன் அடசான்யாவைத் தரையில் சாய்த்து, பின்னாலிருந்து முகத்தையும் கழுத்தையும் இறுக்கித்தான் பணிய வைத்தார். அவர் படத்தை மாட்டிவைத்த பள்ளியில் தரையில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பாடம்கூடக் கிடையாது.

பெல்ட் விவகாரம் தனி. எம்.எம்.ஏ.வுக்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட பெல்ட் வரிசை இல்லை. இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு 400 ராண்ட், பெல்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி. தோற்றவர் எவருமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று "எம்.எம்.ஏ. கறுப்பு பெல்ட்" கட்டிக்கொண்டு நின்றது, பாவம், அதன் மேல் தப்பில்லை. தரையில் மடக்கிப் பணியவைக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீல பெல்ட்டுக்கே பதினாறு வயதாக வேண்டும், கறுப்புக்குப் பத்தொன்பது. நல்ல இடத்தில் கறுப்பு பெல்ட்டுக்குப் பத்து வருடம் ஆவது சாதாரணம்.

இதெல்லாம் பணத்தோடு போயிருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன். பையனுக்குப் பதினெட்டு நிறைந்ததும் ஓர் அமெச்சூர் போட்டிக்குப் பெயர் கொடுத்தார் மாஸ்டர். அவனுடைய எடைக்கு ஒரு பிரிவு கீழே. அதற்காகப் பிளாஸ்டிக் உடை போட்டு ஸ்கிப்பிங், கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டர் போட்டு உட்காருதல், கடைசி நாளில் தண்ணீரே குடிக்கக் கூடாது என்று கட்டளை. குளியலறையில் மயங்கி விழுந்து கதவில் தலையை இடித்துக்கொண்டான். தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். மருத்துவமனையில் ஊசி வழியாக நீர் ஏற்றிக்கொண்டிருந்தபோதும், "மாமா, போட்டிக்குப் போகாவிட்டால் மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கேட்கிறான். மாஸ்டரோ ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. 2015 டிசம்பரில் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான் பிங் இப்படி நீரை வற்றவைத்து எடை குறைக்கப்போய்த்தான் 21 வயதில் இறந்தார். அதற்குப் பிறகே அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் என்ற அமைப்பு அந்த முறையைத் தடைசெய்தது. முதல் போட்டிக்குப் போகிற பையன் தன் இயல்பான எடையில் ஆடட்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

உடம்பு தேறியதும், வேறோர் இடத்தில் மல்யுத்த வகுப்புக்கு அழைத்துப்போனேன். அங்கே பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இவனைக் காலைப் பிடித்துக் கீழே போட்டாள். எழுந்தான், மறுபடியும் போட்டாள். அவள் மூச்சுக்கூட வாங்கவில்லை. ஒன்றரை வருடக் கட்டணமும் நாலு நிற பெல்ட்டும் அவளை ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. பெல்ட்டுகளை அன்றே அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டான்.

இனி ஒப்பந்தம். 24 மாதம், மாதம் 850 ராண்ட் டெபிட் ஆர்டரில் தானாகப் போகும், இடையில் விலகினால் மீதி மாதங்களின் முழுத்தொகையையும் கட்ட வேண்டும், வேறெங்கும் பயிற்சிக்குப் போகக் கூடாது, எந்தக் காயத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல. தங்கை போய்க் கேட்டபோது வரவேற்பில் இருந்த பெண் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டி, "கையெழுத்து உங்களுடையதுதானே அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உங்களிடமும் இப்படித்தான் கேட்பார்கள், பயந்துவிடாதீர்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14-ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட கால ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளலாம். நியாயமான அளவு ரத்துக் கட்டணம் அவர்கள் கேட்கலாம். மீதி மாதங்கள் முழுவதற்கும் கேட்பதை நியாயம் என்று சொல்ல முடியாது. "பொறுப்பல்ல" என்று எத்தனை வரி எழுதிவைத்தாலும் கடும் அலட்சியத்திலிருந்து தப்ப அது உதவாது என்று 51-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு எண்களோடு கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் அனுப்பி, நேரிலும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். குரல் உடனே இறங்கியது. ஒரு மாதக் கட்டணத்தோடு விட்டார்கள். பெல்ட் தேர்வுக்குக் கறந்த பணம் திரும்பவில்லை, அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்றால் அங்கேயே முடிந்தது. எதிர்க்கிற ஆளோடு பயிற்சி நடக்கிறதா, தோற்றவன் போதும் என்று கையால் தட்டியதும் மற்றவன் உடனே விடுகிறானா, புதிதாக வந்தவனைப் பழைய ஆட்கள் போட்டு மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறாரா மாஸ்டர் என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஸ்பாரிங் என்ற பெயரில் வாரம் முழுவதும் தலையில் அடி வாங்கவைக்கிற இடமும் ஆபத்துதான். மாணவர்கள் வெளிப் போட்டிகளில், வேறு பள்ளிக்காரர்களோடு ஆடியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பள்ளி "சாம்பியன்ஷிப்" என்று நடத்தியதில் ஆடியவர் அத்தனை பேரும் அதே பள்ளிக்காரர்கள்; நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் பதக்கம் வேறு.

எம்.எம்.ஏ. என்ற போர்டு வேண்டும் என்றே இல்லை. ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, பாக்ஸிங், மொய் தாய் (தாய்லாந்தின் குத்து-உதைச் சண்டை) இவற்றில் ஒன்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற இடம் பக்கத்தில் இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே தாராளம். மாதாமாதம் பணம் கட்டிப் போகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் பையன் இப்போது அந்த மல்யுத்த வகுப்பில்தான் இருக்கிறான். பெல்ட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை, கட்டணம் பாதிக்கும் குறைவு.

அதே மாதிரி ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு டெபிட் ஆர்டர் போய்க்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தருகிறேன். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.