பெர்சனல் லோன் எடுக்கப் போறீங்களா? 38,400 ரூபாய் பறிகொடுத்தவன் சொல்கிறேன்

நுகர்வோர் ஆணையத்திலிருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், வயிறு எரிகிறது. மறுபடியும் வாய்தா. வங்கி தரப்பு பதில் மனுவைச் சுற்றிச் சுற்றிப் படித்தாலும் விஷயம் ஒன்றுதான்: வாடிக்கையாளர் ஓடிபி கொடுத்து இன்சூரன்ஸுக்குச் சம்மதித்திருக்கிறார்.

எந்த ஓடிபி? கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் வங்கி, வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம். மாடி எடுக்க 6 லட்சம் கேட்டிருந்தேன். வந்த பையன் சேரன்மகாதேவிக்காரன். திண்ணையில் உட்கார்ந்து, "மதினி, கொஞ்சம் மோர் இருக்கா" என்று வாங்கிக் குடித்தான். அவன் மடியிலேயே டேப், என் கையில் போன். "அண்ணாச்சி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. இது எதுக்கு தம்பி என்றேன். "எல்லாம் லோனுக்குத்தான் அண்ணாச்சி, சிஸ்டம் ரெண்டு தடவை கேக்கும்."

அந்த இரண்டாவது ஓடிபிதான் 38,400 ரூபாய்.

கணக்கில் பணம் ஏறியபோது பிராசசிங் ஃபீஸ் போக இன்னும் 38,400 குறைந்தது. என் பெயரில் இன்சூரன்ஸ் பாலிசியாம். நான் கேட்கவே இல்லை. ஆனால் இஎம்ஐ முழு 6 லட்சத்துக்கும் போகிறது, அதாவது என் கைக்கே வராத 38,400-க்கும் நான் வட்டி கட்டுகிறேன்!

கிளையில் கேட்டால் "அது இன்சூரன்ஸ் கம்பெனி சார், எங்களுக்கு சம்பந்தம் இல்லை." கம்பெனிக்குப் போன் போட்டால் "உங்க பேங்க்கைக் கேளுங்க." அப்புறம் ஒரு அம்மா, பாலிசி வேண்டாமென்றால் கையில் கிடைத்து 30 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், கெடு முடிந்தது என்றார். கிடைத்தால்தானே! அதை அனுப்பிய ஈமெயில் முகவரி என்னுடையதே இல்லை. சண்டை போட்டு நகல் வாங்கிப் பார்த்தால், சர்க்கரை நோய் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக். எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை, மாத்திரை டப்பா அன்றைக்கு அந்தத் திண்ணையிலேயே கிடந்தது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நோயை மறைத்தார் என்று சொல்லி என் வீட்டுக்காரிக்கு ஒரு பைசா தரமாட்டார்கள். அந்தப் பையனோ வேறு கிளைக்கு மாறிவிட்டானாம், போனை எடுப்பதில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிபி வந்த மெசேஜை முழுசாகப் படிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள், எனக்கு வந்ததில் 'பாலிசி' என்ற வார்த்தை ஆங்கிலத்தில் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும் தருகிற புதுத் தவணைக் கடன்களுக்கு, வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும், ரிசர்வ் வங்கி உத்தரவு. வங்கி பிடிக்கிற இன்சூரன்ஸ் பணமும் அதில் இருக்க வேண்டும், நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், தராமல் கையெழுத்துப் போடாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், காசு கிடையாது. ஆனால் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அவர் அதே புகாரை எடுக்கமாட்டார், அதனால் யோசித்துப் போடுங்கள். ஆணையத்துக்கு 2 வருடம் கெடு, பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் இதே மாதிரி யாரிடமாவது இன்சூரன்ஸ் பணம் பிடித்திருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாய்தாவுக்குள் தெரிந்தால் நல்லது.