போஆவின் 2002: டோக்கியோ ஆல்பமா, சியோல் ஆல்பமா?

கே-பாப்பின், அதாவது கொரிய பாப் இசையின், பழைய சரக்கைத் தேடிக் கேட்கத் தொடங்கினால் தென் கொரியப் பாடகி போஆவிடம் வந்தே ஆகவேண்டும். 2002-இல் ஒரு மாத இடைவெளியில் அவருக்கு இரண்டு முழு ஆல்பங்கள் வந்தன. மார்ச் 13 அன்று ஜப்பானில் ‘லிசன் டு மை ஹார்ட்’, ஏப்ரல் 12 அன்று தென் கொரியாவில் ‘நம்பர் ஒன்’. அப்போது அவருக்கு வயது 15. எதை முதலில் கேட்பது?

விற்பனையை வைத்துச் சொன்னால் ஜப்பான் ஆல்பம்தான். கொரியப் பாடகர் ஒருவரின் ஆல்பம் ஜப்பானின் விற்பனைத் தரவரிசையான ஒரிகான் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது அதுவே முதல்முறை. பத்து லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழும் கிடைத்தது. ‘நம்பர் ஒன்’ அந்த ஆண்டு கொரியாவில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சந்தையின் அளவுக்கு அதுவும் பெரிய விற்பனைதான்.

ஆனால் ஜப்பான் வெற்றி ஒரே நாளில் வந்ததல்ல. அவருடைய கொரிய நிறுவனமான எஸ்.எம்.மும் ஜப்பானிய இசை நிறுவனமான ஏவெக்ஸும் 2001 மே மாதத்திலிருந்து சிங்கிள்களை, அதாவது தனிப்பாடல் தட்டுகளை, ஒவ்வொன்றாக இறக்கின. ‘எவ்ரி ஹார்ட்’ பாட்டு ‘இனுயாஷா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முடிவுப் பாடலாக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆல்பம் கடைக்கு வந்தபோது முக்கியப் பாடல்கள் பல ரசிகர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதன் பலவீனமும் அதுதான். ஒவ்வொரு பாட்டும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் சேர்த்துக் கேட்டால் தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பு கேட்பது போலத்தான் இருக்கிறது.

கொரியாவில் சிங்கிள் பழக்கம் அப்போது கிடையாது. ஆல்பத்தை மொத்தமாக வெளியிட்டு, தலைப்புப் பாடலைத் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் ஆடிப் பாடி, பிறகு ‘மை ஸ்வீட்டி’ போல அடுத்ததை எடுப்பார்கள். அதனால் எல்லாப் பாரமும் ‘நம்பர் ஒன்’ பாட்டின் மேல் விழுந்தது. பெயரைப் பார்த்து வெற்றி முழக்கம் என்று நினைக்க வேண்டாம், அது காதல் முறிந்த பெண் நிலாவிடம் புலம்பும் பாட்டு. (நிலாவைத் தூது விடுவதில் நம் சினிமாக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா என்ன!) துள்ளும் தாளம், அழும் வரிகள். இரண்டையும் அந்தப் பதினைந்து வயதுக் குரல் ஒரே மூச்சில் கொண்டுபோகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானிய மொழிப் பாடல் தட்டுகளை விற்கக் கொரியாவில் 2004 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. சொந்த நாட்டுப் பெண் அண்டை நாட்டில் முதலிடம் பிடித்த ஆல்பத்தைச் சியோல் கடையில் முறைப்படி வாங்க அதுவரை வழியில்லாமல் இருந்தது.

  

என் ஓட்டு சியோல் ஆல்பத்துக்கு. அப்புறம் ஜப்பானிய மொழியிலும் வந்த ‘நம்பர் ஒன்’ பாட்டு 2003-இன் ‘வாலென்டி’ ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எனக்குக் கொரிய மொழியில்தான் அந்தப் புலம்பல் ஒட்டுகிறது.