ஹம்ப்ரீஸ் முகாமில் இருப்பவர் டாட்டூ எங்கே குத்திக்கொள்வது: வாசல் கடையா, சியோலா, ஓகினாவாவா?

தென் கொரியாவில் பியொங்டேக் நகரை ஒட்டி இருக்கிறது கேம்ப் ஹம்ப்ரீஸ். வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவ முகாம்களில் இதுதான் மிகப் பெரியது. அங்கே பணிக்கு வரும் இளம் சிப்பாய்களில் பலருக்கு ஊர் திரும்புவதற்குள் ஒரு டாட்டூவாவது குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எங்கே போகலாம் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்: முகாம் வாசலில் உள்ள அஞ்சொங்ரி கடைகள், ரயிலேறினால் சியோல், லீவு போட்டால் ஜப்பானின் ஓகினாவா தீவு. விலையும் வேலைப்பாடும் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஏதாவது கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்க முடியும்?

முதலில் சட்டம். டாட்டூ குத்துவது மருத்துவச் செயல் என்று 1992இல் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது டாக்டர் அல்லாதவர் குத்தினால் குற்றம். 2022 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் அதையே உறுதிசெய்தது. ஆனாலும் தொழில் நிற்கவில்லை. பெயர்ப் பலகை இல்லாத மாடி அறைகளில், இன்ஸ்டாகிராமிலும் கொரியர்களின் அரட்டைச் செயலியான ககாவ் டாக்கிலும் நேரம் குறித்து அமோகமாக நடந்தது. மாட்டினால் தண்டனை குத்தியவருக்குத்தான், குத்திக்கொண்டவருக்கு இல்லை. கடைசியில் 2025 செப்டம்பரில் டாட்டூ கலைஞர்களுக்கு உரிமம் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வர இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, குத்துபவர் டாக்டராக இருந்தாலொழிய, சுவரில் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருக்கும் எந்தச் சான்றிதழும் அரசு உரிமம் இல்லை. தனியார் பயிற்சிக்கூடத்தில் வாங்கியதாக இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வாசல் கடைக்கு வருவோம். ஆங்கிலம் பேசுவார்கள், நடந்தே போய்விடலாம், முன்பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. சிக்கலும் அங்கேதான். சம்பள நாள் இரவில், இரண்டு பீர் உள்ளே போன பிறகு, நண்பன் இழுத்துப்போகும் இடமாக அது இருக்கிறது. குடித்துவிட்டு வருபவருக்கு ஊசி எடுக்கும் கடையை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். இன்னொரு விஷயம்: ஹம்ப்ரீஸுக்கு வரும் சுழற்சிப் படைப்பிரிவுகள் ஒன்பது மாதத்தில் கிளம்பிவிடும். கடையின் கெட்ட பெயரும் அவர்களோடு விமானம் ஏறிவிடுகிறது. அடுத்து வருபவர்களுக்கு எதுவும் தெரியாது.

வாசல் கடைக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். சிப்பாய்கள் போகக் கூடாத இடங்கள் என்று படைத் தலைமை வெளியிடும் ‘ஆஃப் லிமிட்ஸ்’ பட்டியலில் ஒரு கடை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போகிற வாரம் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள கடைக்குள் போனால் உத்தரவை மீறிய குற்றம், அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. பெயர் இல்லை என்பதற்காகக் கடை சுத்தம் என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

சியோலுக்கு முதல் எண் மெட்ரோவில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். மெல்லிய கோடுகள், பென்சிலில் தீற்றியது போன்ற சாம்பல் நிழல், இதற்குத்தான் சியோல் கலைஞர்கள் உலகப் புகழ் பெற்றிருக்கிறார்கள். முன்பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பே ஒரு வடிகட்டி. தன் பெயரிலேயே பக்கம் நடத்தி, பல வருட வேலையைப் படம் படமாகப் போட்டிருப்பவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது. புதிதாகக் குத்திய படத்தை மட்டும் பார்க்காமல், ஆறின பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள். மெல்லிய கோடு அன்றைக்கு எல்லோர் கையிலும் அழகாகத்தான் இருக்கும்.

அந்தச் சாம்பல் நிழலிலேயே கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. கருப்பு மையில் தண்ணீர் கலந்துதான் அந்த நிறம் வருகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 2011-12இல் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு மைகோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி தொற்றியது. கடை சுத்தமாகத்தான் இருந்தது. புட்டியிலேயே கலந்து வந்த சாம்பல் மையில் இருந்தது கோளாறு. மையை நீர்க்க வைக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சேர்த்திருந்தார்கள். காய்ச்சி வடித்தது என்பதும் கிருமி நீக்கியது என்பதும் ஒன்றல்ல. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்தத் தண்ணீர் கலக்கிறீர்கள்?’ கிருமி நீக்கிய நீர் என்று முத்திரை போட்ட சிறு புட்டியை உங்கள் கண் முன்னால் உடைத்தால் சரி. மேசை மேல் ஏற்கெனவே திறந்து வைத்த பாட்டிலைக் காட்டினால் எழுந்துவிடலாம்.

மற்றதையும் அப்படியே பாருங்கள். ஊசி உறையை நீங்கள் பார்க்கப் பிரிக்கிறாரா, உறையில் காலாவதித் தேதி இருக்கிறதா, மையைப் பெரிய புட்டியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் சிறு கிண்ணத்தில் ஊற்றுகிறாரா. குத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். அதே கையுறையோடு போனைத் தொட்டுவிட்டுத் திரும்ப உங்கள் தோலைத் தொடுபவரிடம் எவ்வளவு அழகான கோடு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஓகினாவாவின் கதை வேறு. ஒசாகாவைச் சேர்ந்த ஒரு டாட்டூ கலைஞரின் வழக்கில், டாட்டூ குத்துவது மருத்துவச் செயல் அல்ல என்று 2020 செப்டம்பரில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அதனால் ஜப்பானில் கடைகள் வெளிப்படையாக நடக்கின்றன. கடேனா விமானப்படைத் தளத்தின் வாசலில், கோசா என்ற பகுதியின் கேட் 2 தெருப் பக்கம், அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் குத்திப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி தடை இல்லை என்றால் அரசு சோதித்துத் தந்த உரிமம் இருக்கிறது என்று பொருள் இல்லை. அங்கேயும் அப்படி ஒன்று கிடையாது. மேலே சொன்ன தண்ணீர்க் கேள்வி அங்கேயும் பொருந்தும். லீவில் போவதால் இன்னொரு குறையும் உண்டு. மூன்றாம் வாரம் ஒரு கோடு வெளுத்தால் சரிபார்க்கத் திரும்பிப் போக முடியாது. ஓகினாவா வரை போய்க் கடலில் இறங்காமல் வருவது என்பதும் எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை. புண் ஆறும்வரை கடல், நீச்சல் குளம் எதுவும் கூடாது.

என் தேர்வு: சின்ன வேலைக்கு சியோல். தோள் முழுக்க, கை முழுக்க என்று பல அமர்வு கேட்கும் வேலையைப் பணிக்காலத்தில் தொடங்கவே வேண்டாம். பாதியில் மாற்றல் வந்தால் இன்னொருவர் முடித்த வேலை போலவே தெரியும். அதை ஊருக்குப் போய், சுகாதாரத் துறை கண்காணிக்கும் கடையில் வைத்துக்கொள்ளலாம். ஓகினாவா, அங்கேயே பணி கிடைத்தவர்களுக்கு நல்ல இடம். வாசல் கடை கடைசி. நிதானமாக இருக்கும் ஒரு பகல் நேரத்தில், மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும்.

எங்கே குத்தினாலும் இரண்டு கணக்கு உண்டு. கொரியாவிலோ ஜப்பானிலோ குத்திக்கொண்டால் அமெரிக்க விதிப்படி மூன்று மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. அப்புறம், தோள்பட்டையில் குத்திக்கொண்ட மறுவாரம் களப்பயிற்சி இருந்தால் முதுகுப்பையின் வாரும் கவச உடையும் அந்தப் புண்ணைத்தான் உரசும். பயிற்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.