மீட்டரில் 1.1, காற்றில் ஒன்றுமில்லை: பீம் ஆன்டெனா போடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான் ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர். 20 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட யாகி, அதாவது சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் பீம் ஆன்டெனா, போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆன்டெனா, அதைத் திருப்பும் ரொட்டேட்டர், டவர் உச்சியில் அதைத் தாங்கும் மாஸ்ட் குழாய், கேபிள் எல்லாம் நாங்களே தருகிறோம், டவரில் ஏற்றி ஓட வைத்துக் கொடுக்கும்வரை எங்கள் பொறுப்பு என்று சொன்ன ஒருவரிடம் மொத்த வேலையையும் ஒப்படைத்தேன். அவர் எப்படி ஏமாற்றினார் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். ஹாம்களில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஓர் எண்ணை வைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. அந்த எண் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்). அது 1-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள்.

வேலை முடிந்ததும் ரேடியோ பக்கம் மீட்டரை மாட்டிக் காட்டினார். பேண்டின் நடுவில் 1.1. இரண்டு ஓரங்களிலும் 1.4-ஐத் தாண்டவில்லை. "பாருங்க சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். வேலை முடிந்ததற்கான தாளில் அந்த எண்களை எழுதி, என் கையெழுத்தையும் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. பழைய டைபோலில் (நடுவில் கேபிள் இணைத்த சாதாரணக் கம்பி ஆன்டெனா) கேட்ட நிலையங்கள் புதிய பீமிலும் அதே அளவில்தான் கேட்டன. சில இன்னும் மெலிவாக. ரொட்டேட்டரைத் திருப்பினால் ஆன்டெனா சுற்றியது, சிக்னல் வலிமை காட்டும் எஸ் மீட்டர் முள் அசையவில்லை. போன் செய்தால், "பேண்ட் கண்டிஷன் சரியில்லை சார், கொஞ்சம் பொறுங்க" என்பார். அடுத்த முறை, சூரியப் புள்ளிகள் குறைந்துவிட்டன என்பார். ஒரே பேண்டில், ஒரே நேரத்தில், என் டைபோலுக்கு மட்டும் கண்டிஷன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டபோது, அவருக்கு வேறு போன் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

எஸ்.டபிள்யூ.ஆர். எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். திரும்பி வராத சக்தி எங்கே போனது என்று சொல்லாது. ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு டம்மி லோடை (சக்தியைச் சூடாக மாற்றும் மின்தடை) மாட்டினாலும் மீட்டர் 1.1 காட்டும், எல்லாம் சூடாகிப் போகும், அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. கேபிள் மட்டமாக இருந்தாலும் இதே கதைதான். போகும்போது பாதி சக்தியைத் தின்றுவிட்டு, திரும்பி வருவதிலும் பாதியைத் தின்றுவிடும். மீட்டருக்கு வந்து சேர்வது கொஞ்சமே என்பதால் முள் அழகாக நிற்கும்.

என் சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு மூத்த ஹாம் நண்பர் சொல்லிக்கொடுத்த சோதனை. "ஓஎம், மீட்டரை விடுங்க. பீக்கனைக் கேளுங்க" என்றார். ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல். பீக்கன் என்பது தானாகவே அடையாள ஒலி அனுப்பும் நிலையம். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் 18 பீக்கன் நிலையங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 10 வினாடி ஒலிக்கும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். ஒவ்வொரு நிலையமும் மோர்ஸில் தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஒலிகளை அனுப்பும். முதல் ஒலி 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியாக 0.1 வாட். அதாவது ஒவ்வொரு படியும் 10 டெசிபெல் இறக்கம், சக்தி பத்தில் ஒன்றாகிறது. உங்கள் ரேடியோவின் எஸ் மீட்டர் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அளவுகோல் சிக்னலுக்குள்ளேயே இருக்கிறது.

நல்ல மூன்று எலிமென்ட் யாகி முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 20 டெசிபெல் அளவுக்கு வித்தியாசம் காட்ட வேண்டும். அப்படியென்றால் ஆன்டெனாவின் முதுகைப் பீக்கனுக்குக் காட்டும்போது 100 வாட் ஒலி, நேராகக் காட்டியபோது 1 வாட் ஒலி கேட்ட அளவுக்கு இறங்க வேண்டும். சிக்னல் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் ஒருமுறை கேட்டு முடிவு செய்யக் கூடாது. பல சுற்றுகள், பல திசைகளில் இருக்கும் பீக்கன்கள், வெவ்வேறு நேரங்கள் என்று பொறுமையாகக் கேட்டேன். முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தன. பெயருக்குத்தான் அது பீம்.

நண்பர்கள் சேர்ந்து ஆன்டெனாவைக் கீழே இறக்கினோம். தரையில் வைத்து டேப் பிடித்ததும் விஷயம் வெளியே வந்தது.

யாகியின் உயிர் அளவில்தான் இருக்கிறது. 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் இதை உலகுக்குச் சொன்ன காலத்திலிருந்து தத்துவம் மாறவில்லை. பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் சற்று நீளம், முன்னால் இருக்கும் டைரக்டர் சற்றுக் குட்டை. கேபிள் இணைவது நடுவில் உள்ள டிரைவன் எலிமென்ட்டில் மட்டும். மற்ற இரண்டும் அதன் அலையை வாங்கித் திருப்பி வீசுகின்றன. அந்த நீள வித்தியாசத்தால்தான் அலைகள் முன்பக்கம் கூடுகின்றன, பின்பக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 20 மீட்டர் பேண்டில் ஒவ்வொரு எலிமென்ட்டும் ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். ரிஃப்ளெக்டருக்கும் டைரக்டருக்கும் உள்ள வித்தியாசம் முழு நீளத்தில் ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்துக்கு அரை மீட்டர்கூட இல்லை.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் அலுமினியக் குழாய்களில் நீளத்தைத் தீர்மானிப்பது கடைசித் துண்டு. பொருத்தியவர்கள் ரிஃப்ளெக்டருக்கு உரிய ஒரு நுனித் துண்டை டைரக்டரிலும், டைரக்டருக்கு உரியதை ரிஃப்ளெக்டரிலும் செருகியிருந்தார்கள். ஆக இரண்டுமே ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும், கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே நீளமாகவும் இருந்தன. எது முன், எது பின் என்று ஆன்டெனாவுக்கே தெரியாத நிலை. டவர் உச்சியில் இருக்கும்போது கீழிருந்து எந்தக் கண்ணுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

இதைக் கவனக்குறைவு என்று மன்னித்திருப்பேன். ஆனால் அடுத்து பார்த்தது அப்படி மன்னிக்கக்கூடியதாக இல்லை. அளவு தவறியதால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியிருக்கும். ஏன் ஏறுகிறது என்று தேடுவதற்குப் பதில், டிரைவன் எலிமென்ட்டின் நுனிகளை உள்ளே தள்ளி, ஹேர்பின்னையும் (கேபிளோடு பொருத்தத்தைச் சரிசெய்யும் வளைகம்பி) வளைத்து, மீட்டர் இறங்கும்வரை திருகியிருக்கிறார்கள். குழாயில் கிளாம்ப் நகர்ந்த கீறல்கள் அப்படியே இருந்தன. தயாரிப்பாளரின் அளவுத் தாளில் இருந்த எண்ணுக்கும் அங்கே இருந்த நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. கோளாறை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், தெரிந்தே மூடியிருக்கிறார்கள்.

அவ்வளவு செய்தும் மேலே ஆன்டெனாவிலேயே அளந்தால் பேண்ட் ஓரத்தில் 2 வரை வந்தது. அதைக் கீழே 1.4 ஆகக் காட்டியது கேபிள். ஆர்ஜி-213 (ஒரு தடித்த கோஆக்சியல் கேபிள் வகை) என்று ரசீதில் எழுதியிருந்தது, உறையிலும் அச்சடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் வலை அங்கங்கே உள்ளிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தெரியும் அளவுக்கு மெலிவு. கனெக்டரில் பின்னலைச் சால்டர் செய்யவில்லை, வெறுமனே திருகியிருந்தார்கள். மேல்முனையில் தண்ணீர் போகாமல் இருக்க வேண்டிய சுய ஒட்டு ரப்பர் டேப்புக்குப் பதில் சாதாரண மின்சார டேப். உள்ளே போன மழைநீர் பின்னலைக் கறுக்க வைத்திருந்தது.

இந்தக் கேபிள் சோதனையை எல்லோரும் செய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது. கேபிளின் தூர முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, உள்கம்பியையும் பின்னலையும் ஷார்ட் செய்யுங்கள். இந்தப் பக்கம் அனலைசரில் (ஆன்டெனா, கேபிள் அளக்கும் கருவி) எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். ஷார்ட் செய்த முனை எல்லாச் சக்தியையும் திருப்பி அனுப்பும் என்பதால் நல்ல கேபிளில் எண் மிக அதிகமாக இருக்க வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள நல்ல ஆர்ஜி-213 என்றால் 14 மெகாஹெர்ட்ஸில் 10-க்கு மேல் காட்டும். என்னுடையது 3 காட்டியது. ஒரு வழிப் பயணத்தில் 3 டெசிபெல் இழப்பு என்று அதற்கு அர்த்தம். 100 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்கு 50 வாட்தான் போகும். இங்கே எண் குறைவாக இருந்தால் கேபிள் கெட்டது, அதிகமாக இருந்தால் நல்லது. ஆன்டெனாவோடு பார்க்கும்போது இருக்கும் கணக்குக்கு நேர் எதிர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேபிள் ஆன்டெனாவோடு இணையும் இடத்தில் இருந்த பேலன் பெட்டியையும் திறந்தோம். "1:1 கரன்ட் பேலன்" என்று மேலே ஸ்டிக்கர். உள்ளே ஃபெரைட் வளையமும் இல்லை, சுருளும் இல்லை. கனெக்டரிலிருந்து இரண்டு முனைகளுக்கும் நேராக இரண்டு கம்பிகள். கேபிளின் வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பதற்காகத்தான் அந்தப் பெட்டியே. அது இல்லையென்றால் கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்து, மிச்சமிருக்கும் திசைத்தன்மையையும் குலைத்துவிடும். காலிப் பெட்டியை விற்கத் துணிந்தவர்களை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

இதுவரை சொன்னது பணமும் சிக்னலும் போன கதை. இனி சொல்லப் போவதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

மாஸ்ட் என்று கொடுத்தது கட்டுமானக் குழாய் இல்லை, தண்ணீர்க் குழாய். கையில் பிடித்தால் கனமாகத்தான் இருக்கும், கால்வனைஸ் பூச்சும் பளபளக்கும். ஆனால் தண்ணீர்க் குழாய் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்படுவது. வளைவைத் தாங்க இவ்வளவு வலிமை உண்டு என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று சுமார் 12 கிலோ எடையளவுக்குத் தள்ளும் என்றால், 100 கிலோமீட்டர் காற்று சுமார் 48 கிலோ எடையளவுக்குத் தள்ளும். ஆன்டெனா டவர் உச்சிக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு மாஸ்ட்டின் அடியில் வளைக்கும் விசை பெருகும். எங்கள் மாஸ்ட்டை இறக்கிப் படுக்க வைத்தபோது அது ஏற்கெனவே வில் போல் வளைந்திருந்தது.

டவரை இழுத்துக் கட்டும் கய் வயர்களின் கிளிப்புகள் இன்னும் மோசம். யூ போல்ட் கிளிப்பில் பள்ளமான அடிப்பகுதி, இழுவிசை தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். யூ வளைவு மடக்கிவிட்ட வால் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் யூ வளைவு பாரம் தாங்கும் கம்பியையே நசுக்கிப் பலவீனமாக்கும். எங்கள் டவரில் பாதிக் கிளிப்புகள் தலைகீழாக இருந்தன. அந்தக் கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிள் திருகுகள் அதிர்வில் தானாகக் கழன்று வராமல் இருக்கப் போட வேண்டிய பாதுகாப்புக் கம்பி ஒன்றில்கூட இல்லை.

ஏற வந்த பையன் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) இல்லாமல் ஏறப் போனதை அன்றே நான் தடுத்து, என்னுடையதைக் கொடுத்தேன். தன் ஆளின் உயிரைப் பற்றியே கவலைப்படாதவர் நம் தலைக்கு மேல் எதை எப்படிக் கட்டுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படங்களோடும் அளவுகளோடும் விற்றவருக்கு எழுதினேன். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். எஸ்.டபிள்யூ.ஆர். ஓகே" என்று ஒரே பதில். விளம்பரத்தில் சொன்ன 14 டெசிபெல் கெயின் (ஒரு திசையில் சிக்னலைக் கூட்டும் அளவு) எங்கே என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று எலிமென்ட் யாகிக்கு வெட்டவெளியில், ஐசோட்ரோபிக் கணக்கில் (எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு), 7 முதல் 8 டெசிபெல்தான் இருக்கும். டைபோலோடு ஒப்பிட்டால் 5 முதல் 6. தரையின் பிரதிபலிப்பையும் சேர்த்தால் 13, 14 என்று எழுத முடியும். ஆனால் அதே பிரதிபலிப்பு டைபோலுக்கும் கிடைக்கிறது. எதோடு ஒப்பிட்டு 14 என்று எழுதாத எந்த விளம்பரத்தையும் நம்பாதீர்கள்.

இப்படி மொத்தமாக வேலையை ஒப்படைப்பதாக இருந்தால், வேலை முடிந்தது என்பதற்கு எது சாட்சி என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். அதில் இருக்கட்டும், ஆனால் தனியாக இருக்கக் கூடாது. முன்பின் வித்தியாசம் பீக்கனிலோ தெரிந்த ஒரு நிலையத்திலோ காட்டப்பட வேண்டும். கேபிள் ஷார்ட் சோதனையின் எண் தாளில் வர வேண்டும். மேலே ஏற்றும் முன் தரையில் வைத்தே ஒவ்வொரு எலிமென்ட்டின் இரு பக்கமும் டேப் வைத்து, தயாரிப்பாளரின் தாளோடு ஒப்பிட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேலன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சீல் போயிடும் என்று தயங்கினால் அந்தப் பெட்டியே வேண்டாம். மாஸ்ட் குழாயின் உலோகத் தரம், சுவர்த் தடிமன் இரண்டும் ரசீதில் இருக்கட்டும். மீதிப் பணத்தில் கணிசமான பங்கை இந்தச் சோதனைகள் முடியும்வரை கையில் வைத்திருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். டவரும் ஆன்டெனாவும் எந்தப் பக்கம் சரிந்தாலும் கம்பியைத் தொட முடியாத தூரம் வேண்டும்.

நுனிகளை மாற்றிச் செருகி, டிரைவன் எலிமென்ட்டைத் தாளில் உள்ள அளவுக்கே கொண்டுவந்து, புதுக் கேபிளும் உண்மையான பேலனும் போட்டு, முறையான குழாயில் மறுபடி ஏற்றிவிட்டோம். இப்போது பீக்கனின் 100 வாட் ஒலி பின்பக்கத்தில் 1 வாட் அளவுக்கு இறங்குகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். ஓரங்களில் 1.6 வரை போகிறது. அது முன்பு காட்டிய 1.4-ஐவிட அதிகம், அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

அந்த விற்பனையாளர் இன்னும் இதே மாதிரி வேலைகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்படி ஒருவரிடம் டவரோடு சேர்த்து வாங்கியவர்கள், சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் கய் வயரின் கீழ்முனைக் கிளிப்புகளையும் டர்ன்பக்கிள்களையும் பாருங்கள். அங்கே தலைகீழாக இருந்தால் மேலேயும் அப்படித்தான் இருக்கும். அந்த டவரில் நீங்கள் ஏறாதீர்கள். தற்காலிகக் கய் போடத் தெரிந்தவர்கள் வந்து சரிசெய்யும்வரை அதன் விழும் தூரத்துக்குள் யாரையும் விடாதீர்கள்.