பத்து பெரிங்கியா, தெலுக் பஹாங்கா? பினாங்குக் கடலோரத்தில் எங்கே தங்குவது

பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலாலம்பூரிலிருந்து அண்ணியின் அழைப்பு வந்துவிடும். "தம்பி, பினாங்குக்கு வர்றோம். கடலைப் பார்த்த மாதிரி ரூம் போடணும், எந்தப் பக்கம் நல்லது?" கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் மாறுகிறது. யார் வருகிறார்கள், கார் உண்டா, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தீவின் வடகரையை ஒட்டி ஒரே ஒரு சாலை ஓடுகிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து கிளம்பினால் தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, கடைசியாகத் தெலுக் பஹாங். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை. 101ஆம் எண் பஸ் ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் புறப்பட்டு, கொம்தார் என்ற உயரக் கட்டடத்தின் வழியாக, இந்த ஊர்கள் அனைத்தையும் தொட்டுத் தெலுக் பஹாங்கில் போய் நிற்கும். விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்களுக்கு 102 இருக்கிறது. தெலுக் பஹாங்கிலிருந்து நகரத்துக்கு வேறு வழியில் திரும்ப வேண்டுமானால் பாலிக் புலாவைச் சுற்றும் மலைப்பாதைதான். அதனால் விடுமுறை நாள் மாலையில் இந்தக் கடலோரச் சாலை நெரிசலில் திணறும். வரைபடத்தில் பக்கம் போலத் தெரிவதை நம்பி நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

தஞ்சோங் பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவுமில்லை. உயர்ந்த அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் நிறைந்த குடியிருப்புப் பகுதி அது. கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் பள்ளிவாசல்தான் அதன் அடையாளம். நீர் ஏறும்போது மிதப்பது போலவே தெரியும், பஸ்ஸில் போகும்போதே பார்த்துவிடலாம். நகரத்தில் மருத்துவமனை வேலையோ கல்யாணமோ வைத்துக்கொண்டு, கடற்காற்றும் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருத்தம். விடுமுறைக்கென்று வருபவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

பத்து பெரிங்கிதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பத்து என்றால் மலாயில் கல். பெரிங்கி வேறொன்றுமில்லை, நாம் பறங்கி என்று சொல்கிறோமே, அதே சொல்லின் இன்னொரு வடிவம். பறங்கிக் கல் என்று நினைத்துக்கொண்டால் ஊர்ப்பெயர் மறக்காது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சாலையில் நடந்தால் கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. ஹோட்டல்கள் சாலைக்கும் மணலுக்கும் நடுவே வரிசையாக நிற்கின்றன. கிழக்கே 1973-இல் திறந்த ரசா சாயாங், பக்கத்திலேயே கோல்டன் சாண்ட்ஸ், மேற்கே தள்ளி ஹார்ட் ராக். இவற்றுக்கெல்லாம் மூத்தது 1948-இல் தொடங்கிய லோன் பைன், சவுக்கு மரங்களின் நிழலில் இருக்கிறது. ஹோட்டல்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் இறங்கினால் மணல் வந்துவிடும். அந்த மணல் எல்லோருக்கும் பொதுவானது. மலிவான அறையில் தங்கியவரும் பெரிய ஹோட்டலின் முன்னால் காலாற நடக்கலாம்.

அறை போடும்போது பத்து பெரிங்கி என்று மட்டும் பார்க்காமல், அதில் எந்த இடம் என்று பாருங்கள். ஒரு முறை நான் மேற்குக் கோடியில் அறை போட்டுவிட்டேன். பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, நடந்துபோகிற தூரம்தான் என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப்போனேன். நடைபாதை சில இடங்களில் ஓர் ஆள் அகலம்தான் இருந்தது, சில இடங்களில் அதுவும் இல்லை. வண்டிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் அம்மா ஒரு கடையின் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றார். அன்றைக்கு யாரும் போகவில்லை. வயதானவர்கள் கூட இருந்தால், ஹோட்டல் வரிசையின் நடுப்பகுதியில் கொஞ்சம் அதிக விலை கொடுத்தாலும் பரவாயில்லை, அங்கேயே போடுங்கள்.

அந்தப் பசார் மாலாமுக்காகவே தங்கலாம். பொழுது சாயும் நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று செருகி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வெறும் சாலை ஓரம் கண்ணெதிரே கடைத்தெருவாக மாறும். பல்பு வரிசை எரியத் தொடங்கியதும் சட்டைகள், கைப்பைகள், கடிகாரங்கள் எல்லாம் மேலே ஏறிவிடும். சொன்ன விலையை அப்படியே கொடுக்காதீர்கள், பேரம் பேசுவதுதான் அங்கே வழக்கம்.

கடல் விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். லங்காவித் தீவுப் பக்கம் பார்த்த நீலத்தை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். தண்ணீர் கலங்கலாக இருக்கும், ஜெல்லி மீன் வரும். ஜெட் ஸ்கீ சத்தமும் பாராசூட்டை இழுக்கும் படகும் காலையிலிருந்து ஓயாது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் தண்ணீரில் இறக்குவதற்கு ஹோட்டல் குளமே நல்லது. இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறக்கவில்லை. அன்றைய சுனாமியில் பினாங்கில் மட்டும் 52 பேர் போனார்கள். பளிச்சென்று வெயிலடித்த ஞாயிற்றுக்கிழமை அது.

அங்கிருந்து இன்னும் சில வளைவுகள் தாண்டினால், வழியில் நறுமணப் பயிர்த் தோட்டத்தைக் கடந்து, தெலுக் பஹாங் வரும். ஊரின் நடுவில் ஒரு வட்டச்சந்தி. அதை மனதில் பதித்துக்கொண்டால் வழி தவறாது. இடப்பக்கம் திரும்பினால் எந்தோப்பியா என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பழைய வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, எஸ்கேப் விளையாட்டுப் பூங்கா, அணைக்கட்டு. நேராகப் போனால் மீனவர் கிராமம், அப்புறம் தேசியப் பூங்காவின் வாசல். பூங்கா 2003-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து படகிலோ காட்டுப்பாதையிலோ குரங்குக் கடற்கரைக்கும் பந்தாய் கெராச்சுட்டுக்கும் போகலாம். கெராச்சுட்டில் கடலாமைகள் முட்டையிட வரும். நன்னீரும் உப்புநீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும் ஏரி ஒன்றும் உண்டு, ஆண்டு முழுதும் நீர் இருக்காது. முக்கா முனையில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

பலரும் பத்து பெரிங்கியிலிருந்து வந்து, ஒரு மணி நேரம் வண்ணத்துப்பூச்சி பார்த்து, திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இந்த ஊரை விடியற்காலையில் பார்க்க வேண்டும். படகுத்துறையின் பலகைகள் பனியில் ஈரமாக இருக்கும். கரைக்கு வந்த படகில் ஒருவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணியில் சிக்கிய சிறு நண்டை விரல் படாமல் மெல்லக் கழற்றுவார். பூனைகள் பொறுமையாகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஜெட் ஸ்கீ எதுவும் கிடையாது.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கமுக காளியம்மன் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாசி மகத்துக்கு அம்மன் தெப்பத்தில் கடலில் இறங்கும்போது கரை முழுக்க விளக்கு. அந்தச் சமயத்தில் வருவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தெலுக் பஹாங்தான்.

குறை இல்லாமல் இல்லை. இரவு சீக்கிரம் அடங்கிவிடும் ஊர். தங்கும் இடங்கள் குறைவு, சாப்பாட்டுக் கடைகளும் அப்படியே. பத்து மணிக்குப் பிள்ளை பசிக்கிறது என்றால் பத்து பெரிங்கிக்குத்தான் ஓட வேண்டும். கிராப் வாடகைக் கார் உடனே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஜார்ஜ்டவுனிலேயே தங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தைப்பூசத்துக்கு வருகிறீர்கள் என்றால் கண்டிப்பாக நகரம்தான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படி ஏறி இறங்கிய கால்களோடு இந்த வளைவுச் சாலையில் திரும்புவது வேதனை. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவின் சைவச் சாப்பாடு எல்லாமும் அங்கேதான். ஆனால் காலையில் எழுந்தவுடன் மணலில் கால் பதிக்க முடியாது. அண்ணி கேட்பது அதைத்தான்.

இந்த முறை அண்ணிக்கு நான் சொன்னது: பத்து பெரிங்கியின் நடுப்பகுதியில் இரண்டு இரவு, பிள்ளைகளுக்காக. மூன்றாம் இரவு தெலுக் பஹாங்கில், படகுத்துறைக்கு நடந்து போகும் தூரத்தில், அம்மாவுக்காகவும் எனக்காகவும். ஓர் இரவுதான் கிடைக்கும், பெரியவர்கள் வரவில்லை என்றால் நேராகத் தெலுக் பஹாங் என்றே சொல்லியிருப்பேன். ஊர் மாறுவதற்குக் காரும் வேண்டாம், 101 போதும். வலப்பக்க ஜன்னலை மட்டும் அம்மாவுக்குப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.