சுரைக்குடுக்கையா, அலுமினிய வீடா?

பிப்ரவரி முதல் வாரத்தில் ஹூஸ்டன் புறநகரில் குளிர் முழுதாக விட்டிருக்காது. அதற்குள் எங்கள் தோட்டத்துக் கம்பத்தின் உச்சியில் கரிய பறவை ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். வெயில் படும்போதுதான் அது கறுப்பில்லை, மின்னும் கருநீலம் என்று தெரியும். பிரேசில் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் பர்ப்பிள் மார்ட்டின் அது. நம் ஊர்த் தகைவிலானுக்கு உறவு; வட அமெரிக்கத் தகைவிலான்களில் உருவத்தில் பெரியது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இந்தப் பறவை மரப்பொந்தை ஏறக்குறைய மறந்தேவிட்டது. மனிதர் வைத்துக்கொடுக்கும் வீட்டில்தான் முட்டையிடுகிறது. அதனால் எந்த வீட்டை வாங்குவது என்ற குழப்பம் அதற்கு முன்பாக நமக்கு வந்துவிடுகிறது.

மர வீட்டை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். வெயிலுக்கு இதமானதுதான். ஆனால் 14 அடிக் கம்பத்திலிருந்து அந்தக் கனத்தை வாரந்தோறும் இறக்கி ஏற்ற என் தோள் இடம் தரவில்லை. மிச்சம் மூன்று: அலுமினிய அடுக்கு வீடு, இயற்கைச் சுரைக்குடுக்கை, பிளாஸ்டிக் குடுக்கை.

நான் தொடங்கியது அலுமினியத்தில். மாடி மாடியாக 12 அறைகள், ஒவ்வொன்றுக்கும் கதவு, முன்னால் ஒரு திண்ணை. பார்க்க லட்சணமாக இருக்கும். கழுவித் துடைப்பதும் சுலபம். இவ்வகை வீடுகள் 1960களில் பெரிதாகப் பரவியதற்கு இலினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூரும், அங்கே இவற்றைத் தயாரித்த ஜே. எல். வேட் என்பவரும் முக்கியக் காரணம். ஒரு மார்ட்டின் நாளுக்கு 2,000 கொசுக்களைத் தின்னும் என்ற பேச்சும் வீட்டோடு சேர்ந்தே விற்றது. அதை நம்பி வாங்காதீர்கள். மார்ட்டின் பகலில் உயரத்தில் பறந்து வேட்டையாடும். கொசு அந்தியில் தாழ்வாகத் திரியும். என் கம்பத்தில் குஞ்சுகளின் வாய்க்குள் போவது தும்பி, வண்டு, சிறகு முளைத்த நெருப்பெறும்பு ராணிகள். நெருப்பெறும்பிடம் கடிபட்டவர்களுக்கு அதுவே போதுமான லாபம்.

அலுமினிய வீட்டின் கோளாறு அறையின் அளவில் இருக்கிறது. பழைய கணக்குப்படி அறை 6 அங்குல நீளம், 6 அங்குல அகலம். இரண்டாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு காலை, புல்லில் ஒரு சிறகும் கொத்தாக இறகுகளும் கிடந்தன. இரவில் ஆந்தை திண்ணையில் வந்து நின்று காலை உள்ளே விட்டு இழுத்திருக்கிறது. ஆறு அங்குல ஆழம் அதன் காலுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு நடுச்சுவர்களைக் கழற்றி, இரண்டு அறைகளை ஒன்றாக்கி 12 அங்குல ஆழம் கொடுத்தேன். பன்னிரண்டு அறை ஆறாகிவிட்டது. திண்ணையாலும் தொல்லை: ஓர் ஆண் பறவை ஒரு பக்கம் முழுவதையும் தனக்கே பட்டா போட்டதுபோல் நடந்துகொள்ளும், பக்கத்து அறைகள் காலியாகவே கிடக்கும். வளர்ந்த குஞ்சுகள் திண்ணை வழியே அடுத்த வீட்டுக்குள் நுழைந்து அங்குள்ள சின்னஞ்சிறுசுகளின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னும். நடுவே தடுப்புத் தகடு வைத்தால் ஓரளவு அடங்கும்.

அடுத்து, குடுக்கை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “விதைக்கு விட்ட சுரைக்காயை எதற்கடா கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய்?” என்று கேட்டாள். அவள் கண்ணுக்குத் தப்பாது; அதே சுரைதான். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாக்டா, சிக்கசா பழங்குடிகள் குடிசைக்கருகே சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டு இந்தப் பறவையை வரவழைத்திருக்கிறார்கள். பறவைக்கும் இதன் மேல் ஒரு தனி ஆசை. உள்ளே ஆழம் அதிகம், காற்றில் ஆடுவதால் ஆந்தைக்கும் பருந்துக்கும் நிலைகொள்ளாது, திண்ணை இல்லாததால் குஞ்சு ஊர்சுற்றப் போகாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்குவதால் ஆண் பறவையின் ஆக்கிரமிப்பும் குறைவு.

பாடு முழுவதும் நமக்கு. 8 முதல் 12 அங்குல விட்டமுள்ள காயாகப் பார்த்து, மாதக்கணக்கில் காயவைத்து, தோலைச் சுரண்டி, துளையிட்டு, குடைந்து, அடியில் நீர் வடிய ஓட்டைகள் போட்டு, வெப்பம் ஏறாமலிருக்க வெள்ளை வண்ணம் பூச வேண்டும். கவனித்துக்கொண்டால் பல ஆண்டு உழைக்கும். ஒரு பருவம் மழையில் மறந்து விட்டுவிட்டால் விரிசல் கண்டுவிடும்.

பிளாஸ்டிக் குடுக்கைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பக்கவாட்டில் திருகுமூடி இருக்கிறது. கழற்றினால் கை நேராகக் கூட்டுக்குள் போகும். அழகில்லை என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பால் கேன்களைத் தொங்கவிட்டதுபோல்தான் இருக்கிறது. சுவரும் மெல்லியது, ஜூன் வெயிலில் சுரையின் குளுமை இதற்கு வராது.

துளையில் இன்னொரு போட்டி. 2 1/8 அங்குல வட்டத் துளை மார்ட்டினுக்கும் சௌகரியம், ஸ்டார்லிங்குக்கும் சௌகரியம். மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஐரோப்பியப் பறவை 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்டது. இன்று முட்டையை உடைத்துக் கூட்டைப் பறிக்கும் முதல் எதிரி. பிறை வடிவத் துளை 1 3/16 அங்குலமே உயரம் கொண்டது. மார்ட்டின் பதுங்கி நுழைந்துவிடும், ஸ்டார்லிங் பெரும்பாலும் திணறும். நான் பிறைக்கே வாக்களிப்பேன். ஆனால் எந்தத் துளையும் சிட்டுக்குருவியைத் தடுக்காது. நம் ஊரில் சிட்டுக்குருவி அருகிவிட்டதே என்று கூடு கட்டித்தருகிறோம். இங்கே அதே குருவி 1850களில் கப்பலேறி வந்து மார்ட்டினின் முட்டையைக் குத்திப்போடுகிறது. அதன் கூட்டை நான் வாரந்தோறும் கலைக்கும்போது மனது கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்கிறது.

எந்த வீட்டாலும் தீராதவையும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சஸே உறைந்த வாரத்தில், முன்னதாக வந்துவிட்ட மார்ட்டின்கள் நிறைய மடிந்தன. குளிரில் பூச்சி பறக்காது. அப்போது கரண்டியில் சுவர்க்கோழிப் பூச்சியை வைத்து மேலே வீசியெறிந்துதான் ஊட்ட வேண்டும். பாம்பும் ரக்கூனும் ஏறாமலிருக்கக் கம்பத்தைச் சுற்றித் தகர உருளை கட்டுவதும் மூன்று வகைக்கும் பொது.

ஆகவே என் அளவுகோல் வேறு: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐந்து நாளுக்கு ஒருமுறை எதை அலுக்காமல் இறக்கித் திறப்பேன்? கைப்பிடியைச் சுற்றினால் கம்பியில் வழுக்கி இறங்கும் கம்பம், அதில் 12 பிளாஸ்டிக் குடுக்கைகள், பிறைத் துளை. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறேன். குஞ்சுக்குப் பத்து நாள் ஆகும்போது பழைய கூட்டை எடுத்துவிட்டுக் காய்ந்த மரச்சீவலைப் போடுகிறேன். இல்லையென்றால் ஈப்புழுக்கள் இரத்தம் உறிஞ்சும். 22 நாளுக்குப் பின் மூடியைத் தொடுவதில்லை, குஞ்சு பயந்து குதித்துவிடும். ஏற்றும்போது பழைய திசையிலேயே நிற்க வேண்டும். சற்றுத் திரும்பியிருந்தாலும் தாய்ப்பறவை வாசலைத் தேடித் தடுமாறும்.

அம்மாவுக்காக ஏழாம் எண்ணை மட்டும் அசல் சுரையாக மாற்றினேன். போன ஏப்ரலில் முதலில் குடியேறியது அதில்தான். மூடியைத் திறந்தேன்: காய்ந்த குச்சி, வாசலோரம் சேற்று வரம்பு, அதன் மேல் அன்று காலை பறித்த பச்சை இலைகள், நடுவில் வெள்ளையாக ஐந்து முட்டைகள். மேலே கம்பியில் தாய் தொண்டைக்குள் கொப்பளிப்பதுபோல் அதட்டிக்கொண்டிருந்தது.