ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலைய அருங்காட்சியகம்: ஒரு மதிப்புரை

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலைப்பாதையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும்தான் படகேறுகிறார்கள். படகுத்துறையிலிருந்து படிகளில் ஏறி ஒரு மைல் அளவுக்கு நடந்தால் வருகிற பழைய குடிவரவு நிலையத்தை எட்டிப் பார்ப்பவர்கள் அவர்களில் சிலரே. 1910 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்தவர்களை விசாரித்த இந்த நிலையத்தின் முதன்மையான வேலை, சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாகவே இருந்தது. மேற்குக் கரைக்கு வரும் தமிழ் நண்பர்களிடம் கோல்டன் கேட் பாலத்துக்கு முன்னால் இந்த அருங்காட்சியகத்தைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மீட்டெடுக்கப்பட்டுள்ள தடுப்புக் கொட்டடிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, இரும்புக் கம்பங்களில் மூன்றடுக்காகத் தொங்கும் படுக்கைகள். அவற்றுக்கிடையே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடியும். சுவர்களில், அடைபட்டிருந்தவர்கள் செதுக்கிய சீனக் கவிதைகள் இருக்கின்றன. இடித்துவிடலாம் என்று முடிவாகியிருந்த கட்டடத்தில் 1970ஆம் ஆண்டு அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்திராவிட்டால் இன்று பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எழுத்துகளை மறைப்பதற்காக நிர்வாகம் பூசிய புட்டிப் பூச்சும் வண்ணமுமே அவற்றைக் காத்தன என்பது வேடிக்கை. பெண்கள் தங்கியிருந்த கட்டடம் 1940இல் எரிந்துவிட்டதால், அவர்கள் ஏதும் எழுதியிருந்தால் அதுவும் அதோடு போயிற்று.

எனினும் இங்கே நெடுநேரம் நின்று கவனிக்க வேண்டியது விசாரணை நடந்த முறையைத்தான். வந்தவரிடம் ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நூற்றுக்கணக்கில் கேள்விகள் கேட்கப்பட்டன. உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள், அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும், உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் குடியிருப்பவர் யார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அதே கேள்விகளை அமெரிக்காவிலிருந்த தந்தையிடமும் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிட்டார்கள். பதில் பிசகினால் திருப்பி அனுப்பப்படலாம். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் நகரப் பதிவேடுகள் அழிந்தபின், இங்கேயே பிறந்த குடிமகன் என்று ஒரு சீனர் சொன்னால் மறுக்கச் சான்று இல்லாமல் போயிற்று. குடிமகனின் பிள்ளைகள் வரலாம் என்பதால், பலர் பிறரது பிள்ளைகளாகத் தாள்களில் பெயர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றிய பாடக் குறிப்புகளை மனப்பாடம் செய்துவிட்டு, கரை சேருமுன் கடலில் எறிந்தார்கள். அது பொய்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நேர்வழியை இனத்தின் பெயரால் அடைத்துவிட்டு, குறுக்குவழியில் வந்தவனைப் பார்த்து இந்த இனமே பொய் சொல்லும் என்று தீர்ப்பளிக்கும் சட்டத்துக்கு அறம் பேசும் தகுதி எங்கிருந்து வரும்? உண்மையான மகன்களும் பொய்யைக் கண்டுபிடிக்க வைத்த அந்தச் சோதனையில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டுக் கிடந்தார்கள்.

1882ஆம் ஆண்டின் அந்த விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைப் பத்தாண்டுகளுக்குத் தடுத்தது. சீனர் எவரும் குடியுரிமை பெற முடியாது என்றும் சொன்னது. பின்னர் 1892, 1902 என நீண்டு, 1904இல் காலவரையற்றதாயிற்று. குற்றம் செய்தவரையோ நோயுற்றவரையோ தடுப்பதற்கும் ஒரு நாட்டவரை முழுதாகத் தடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது அழித்துவிட்டது. 1943இல் சட்டம் விலக்கப்பட்டபோதும் ஆண்டுக்கு 105 பேர்தான் அனுமதிக்கப்பட்டனர். போரில் சீனா கூட்டாளியாகியிருந்ததே அந்த இரக்கத்துக்குப் பெரிதும் காரணம். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இதே தீவில் அடைக்கப்பட்டார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவருக்கும் கதவைச் சாத்தியது. ஒரு கூட்டத்தாருக்கென்று வெட்டிய பள்ளம் அவர்களோடு நிற்பதில்லை.

ஒரு குறையும் உண்டு. கவிதைகளின் துயரம் மனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்வதால், தீவை மட்டும் பார்த்துத் திரும்புபவர் சீனர்கள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் தாங்கினார்கள் என்று எண்ணிவிடக்கூடும். போராட்டம் நடந்த களம் நகரமும் நீதிமன்றமும்தான். 1892ஆம் ஆண்டு கியரிச் சட்டம் சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று சொன்னபோது, நகரில் சீனர் வாழும் பகுதியான சைனாடவுனின் ஆறு கம்பெனிகள் எனப்படும் சங்கங்கள் பதிய வேண்டாம் என்று அறிவித்தன, பெரும்பாலோர் பதியவில்லை. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கு 1893இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையற்காரர் வோங் கிம் ஆர்க், சீனாவுக்குச் சென்று 1895இல் திரும்பியபோது துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். 1898இல் அவர் பெற்ற தீர்ப்புதான் அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரின் இனம் பாராமல் குடியுரிமை உண்டென்று நிறுவியது. விசாவில் இருக்கும்போது பிள்ளை பெற்ற நம் குடும்பங்கள் அவருக்குக் கடன்பட்டவை. 2025 ஜனவரியில் அந்த உரிமையைச் சுருக்க ஆணை பிறந்தபோது, அதை எதிர்த்தவர்கள் முதலில் கையிலெடுத்ததும் இந்தத் தீர்ப்பைத்தான். ஆகவே தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள், மறுநாள் சைனாடவுனில் கிளே தெருவிலுள்ள சீன அமெரிக்க வரலாற்றுச் சங்க அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பழைய மருத்துவமனைக் கட்டடமும் 2022இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. கொட்டடியைப் பார்த்த களைப்போடு அங்கே நுழைந்தால் மனம் ஒன்றுவது கடினம் என்பதால் முதலில் அதை முடித்துவிடலாம். வழிகாட்டி விளக்கும் நேரத்துக்குச் செல்வதே சிறந்தது. சீன எழுத்து வாசிக்கத் தெரியாத நமக்கு, வழிகாட்டி இல்லாவிட்டால் சுவரில் கீறல்கள்தான் தெரியும். திறந்திருக்கும் நாட்களும் படகு நேரமும் பருவத்துக்கேற்ப மாறுகின்றன என்பதால், கடைசிப் படகு எப்போது என்று கேட்டுக்கொண்டே மலையேறுங்கள்.